தினசரிச் செய்தி பாட்காஸ்ட்: நேயர் கருத்துகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

வாரம் ஒருமுறை வரும் நிகழ்ச்சிக்கு ஒரு கருத்து வந்தால், உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும். தினசரிச் செய்தி பாட்காஸ்டில் அது இல்லை. காலையில் வெளியான எபிசோடைப் பற்றி மதியம் ஒரு நேயர் எழுதுகிறார். அன்று மாலையே அடுத்த எபிசோடின் ஸ்கிரிப்ட் வேலை தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் படித்துப் பிரித்து முடிவெடுக்காவிட்டால், செய்தியோடு சேர்ந்து அந்தக் கருத்தும் பழசாகிப் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தினசரிச் செய்தியைக் கேட்பது பழக்கத்தால் நடப்பது. பழக்கத்தில் கேட்பவர் சின்னச் சின்னக் குறைகளைப் பொறுத்துக்கொள்வார். புகார் எழுத மாட்டார். பொறுமை தீர்ந்த நாளில் சத்தமில்லாமல் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடுவார். ஆகவே மெனக்கெட்டு எழுதுகிறவர், எழுதாத சிலருக்காகவும் சேர்த்தே எழுதுகிறார். எந்தக் கருத்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஒருவர் முதல் நான்கைந்து பேர் வரை உள்ள சிறிய குழுக்களை நினைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்திவிட்டு மீதி நாட்களில் இன்பாக்ஸைத் திறக்காமல் இருப்பவர்களுக்கு நேயர் கருத்தால் பயன் இல்லை. ஸ்கிரிப்ட், பதிவு, எடிட்டிங் போல இதையும் அன்றாடத் தயாரிப்பில் ஒரு வேலையாக்கி, ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

படி 1: உங்கள் நிகழ்ச்சி எதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறது?

இது சின்ன வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. தினசரிச் செய்தி பாட்காஸ்டுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம். சில நிமிடங்களில் முடியும் தலைப்புச் செய்தி ஒரு வகை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சில செய்திகளைத் தொகுத்துத் தருவது இரண்டாவது. 2017 ஏப்ரலில் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் தொடங்கிய 'அப் ஃபர்ஸ்ட்' அப்படிப்பட்டது. ஒரே செய்தியை எடுத்துக்கொண்டு இருபது முப்பது நிமிடம் ஆழமாகப் போவது மூன்றாவது. 2017 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் தொடங்கிய 'தி டெய்லி', 2018இல் கார்டியன் தொடங்கிய 'டுடே இன் ஃபோகஸ்' இரண்டும் இந்த வகை.

"இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் எப்படி?" என்று ஒரு நேயர் கேட்கிறார். நீங்கள் முதல் வகை என்றால் இது குறையே இல்லை, அவர் தேடுவது வேறு நிகழ்ச்சி. மூன்றாவது வகை என்றால் இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது. ஒரே வாக்கியம், இரண்டு பொருள். ஆகவே உங்கள் வாக்குறுதியை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "காலை 6 மணிக்குள், 12 நிமிடத்துக்குள், நேற்றைய ஐந்து முக்கியச் செய்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பின்னணி" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். வரும் கருத்தை எல்லாம் இந்த வரியோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: கருத்து வர வழி திறப்பது

வழிகள் அதிகமானால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நான் மறுக்கிறேன். ஐந்து இடங்களில் கருத்துக் கேட்டுவிட்டு மூன்றில் எட்டிப் பார்க்காமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். ஒரு மின்னஞ்சல் முகவரி, வாய்ஸ் நோட் அனுப்ப ஒரு வாட்ஸ்ஆப் எண், இரண்டும் போதும். அந்த எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது. வாய்ஸ் நோட்டை நிகழ்ச்சியில் ஒலிபரப்பும் எண்ணம் இருந்தால், அனுப்பும் முன்பே தெரியும்படி சொல்லிவிடுங்கள். பெயரைப் பயன்படுத்தலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

பாட்காஸ்ட் ஆப்களில் தானாக வந்து சேரும் கருத்துகள் வேறு. அவற்றின் குணம் தெரிந்தால்தான் சரியாகப் படிக்க முடியும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ரிவ்யூக்கள் நாடுவாரியாகப் பிரிந்து கிடக்கும். உங்கள் போனில் தெரிவது உங்கள் நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டவை மட்டுமே, வெளிநாட்டு நேயர்கள் எழுதியதைத் தனியாகத் தேட வேண்டும். ரிவ்யூவுக்கு அங்கேயே பதில் எழுத நமக்கு வசதி இல்லை. ஆப்பிளின் தரவரிசைக்கு ரேட்டிங்கும் ரிவ்யூவும் கணக்கில் வருவதில்லை. கேட்பது, ஃபாலோ செய்வது, முழுதாகக் கேட்டு முடிப்பது ஆகியவைதான் வரும். ஆக, "ஐந்து ஸ்டார் கொடுங்கள், மேலே வருவோம்" என்று தினமும் நேயரிடம் கெஞ்சுவதை விட்டுவிடலாம். அந்த நொடிகளில் உருப்படியான ஒரு கேள்வி கேட்கலாம். ஸ்பாடிஃபையில் 2021 டிசம்பரில் ரேட்டிங் வந்தது. நிகழ்ச்சியைக் குறைந்தது 30 நொடி கேட்டவர்தான் ஸ்டார் போட முடியும். 2024 ஜூலையில் கருத்து எழுதும் வசதியும் வந்தது.

எதைக் கேட்பது? "உங்கள் மேலான கருத்துகளை எங்களுக்கு எழுதுங்கள்" என்பது காதில் விழாமல் போகும் வாக்கியம். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "இன்றைய மூன்றாவது செய்தியில், வட்டி விகிதம் ஏன் குறைந்தது என்பது புரிந்ததா? புரியாத இடத்தை ஒரே வரியில் எழுதுங்கள்." இப்படிக் கேட்டால் வரும் பதில்களின் எண்ணிக்கை குறையலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேலைக்கு ஆகும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். அதையும் நிகழ்ச்சியின் கடைசி நொடியில் வைக்காதீர்கள், அதற்குள் பலர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். கடைசிச் செய்திக்கு முன்னால் கேளுங்கள்.

படி 3: அன்றைக்கே பிரித்து வைப்பது

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, எந்த எபிசோட், எத்தனையாவது நிமிடம், நேயர் எழுதியது அப்படியே அவர் சொற்களில், வகை, என்ன செய்தோம், பதில் போட்டாயிற்றா என்று ஏழு பத்திகள். நேயரின் சொற்களைச் சுருக்கி எழுதும் ஆசையை அடக்குங்கள். "குரல் பிடிக்கவில்லை" என்று நீங்கள் சுருக்கியது, அவர் எழுதிய வடிவத்தில் "காலையில் பஸ்ஸில் கேட்கும்போது உங்கள் குரல் மட்டும் அமுங்கிப் போகிறது" என்று இருந்திருக்கலாம். முன்னது ரசனை, பின்னது ஒலிக்கலவையில் உள்ள கோளாறு.

வகைகளை இந்த வரிசையில் பார்ப்பது என் வழக்கம்: தகவல் பிழை, ஒலிக் கோளாறு, புரியாமை, சாய்வு பற்றிய புகார், விருப்பம், பாராட்டு, வசை. இந்த வரிசைதான் முன்னுரிமையும். தகவல் பிழை என்று ஒரே ஒருவர் எழுதினாலும் அன்றே விசாரிக்க வேண்டும், அங்கே எண்ணிக்கைக்கு இடமே இல்லை. விருப்பம் என்றால் நேர்மாறு: "தொடக்க இசையை மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதினால் குறித்து வைத்தால் போதும். பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பத்துப் பேர் கேட்ட இசை மாற்றம் கூட்டத்தில் விவாதமாகிறது, ஒருவர் சுட்டிய தவறான எண் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது.

பாராட்டையும் பதிவு செய்யுங்கள், குறிப்பாக எது பிடித்தது என்று சொல்லியிருந்தால். பின்னால் எதையாவது வெட்டப் போகும்போது, யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

படி 4: தகவல் பிழை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி நிகழ்ச்சிக்கு நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம். பிழையைச் சுட்டிக்காட்டும் நேயர் அந்த மூலதனத்தைக் காப்பாற்ற உதவுகிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நேயர் இப்படி எழுதுகிறார்: "ஊதிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது என்று சொன்னீர்கள். வந்தது இடைக்கால உத்தரவுதானே?" முதல் வேலை, எழுதியவர் யார் என்று பார்க்காமல் மூல ஆவணத்தைத் திறப்பது. கோபமாக எழுதியிருக்கலாம், முன்பு பத்து முறை வீண் புகார் அனுப்பியவராகவும் இருக்கலாம். பதினோராவது சரியாக இருக்க வாய்ப்புண்டு. உத்தரவைப் படித்துப் பார்த்தால் நேயர் சொன்னது சரி. இனி மூன்று இடங்களில் வேலை.

முதலாவது, ஒலிக்கோப்பு. தவறான வாக்கியத்தைத் திருத்தி, புதிய கோப்பை ஹோஸ்டிங் தளத்தில் (உங்கள் ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் இணையச் சேவை) அதே எபிசோடின் இடத்தில் மாற்றுங்கள். புது எபிசோடாக ஏற்றாதீர்கள். எபிசோடுகளை ஆப்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. அது மாறினால் நேயரின் ஆப்பில் ஒரே எபிசோட் இரண்டு முறை வந்து நிற்கும். கோப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைப்பதுதான் பெரிய தவறு. ஏற்கெனவே டவுன்லோட் ஆன போன்களில் பழைய கோப்புதான் இருக்கும், நாம் மாற்றியது அங்கே போய்ச் சேராது. தினசரி நிகழ்ச்சியை வெளியான சில மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலோர் கேட்டுவிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தவறைக் கேட்டவர்கள் திருத்தத்தைக் கேட்க ஒரே வழி அடுத்த எபிசோட்தான்.

ஆகவே இரண்டாவது, அடுத்த எபிசோடில் வாய்விட்டுச் சொல்வது. இப்படி: "ஒரு திருத்தம். ஊதிய வழக்கில் நேற்று வந்தது இடைக்கால உத்தரவு மட்டுமே, வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டதாக நேற்றைய எபிசோடில் தவறாகச் சொன்னோம். சுட்டிக்காட்டிய நேயருக்கு நன்றி." கவனியுங்கள், சரியான தகவல் முதலில் வருகிறது, தவறு பிறகு. காதால் கேட்பவருக்கு முதலில் கேட்டதுதான் மனதில் தங்கும். "சில நேயர்கள் அப்படிக் கருதுகிறார்கள்", "விடுபட்டுவிட்டது" போன்ற மழுப்பல் வேண்டாம். தவறு எந்த இடத்தில் வந்ததோ அதற்கு நிகரான இடத்தில் திருத்தமும் வர வேண்டும். தலைப்புச் செய்தியில் செய்த பிழையை நன்றியறிவிப்புக்குப் பிறகு முணுமுணுப்பது நேர்மையில்லை. மூன்றாவது, ஷோ நோட்ஸில், அதாவது எபிசோடோடு வரும் எழுத்துக் குறிப்பில், தேதியோடு ஒரு வரி.

பெரிய தவறுகளுக்கும் விதி இதுவே. நியூயார்க் டைம்ஸின் 2018ஆம் ஆண்டு பாட்காஸ்ட் தொடரான 'கேலிஃபேட்', தங்கள் இதழியல் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று அந்தப் பத்திரிகையே 2020 டிசம்பரில் அறிவித்தது. அந்தத் தொடர் பெற்ற பீபாடி விருது திருப்பித் தரப்பட்டது. அந்த அறிவிப்போடு, தலைமை ஆசிரியரைப் பேட்டி கண்டு ஓர் ஒலிப்பதிவையும் வெளியிட்டார்கள். ஒலியில் நடந்த தவறுக்கு ஒலியிலேயே விளக்கம் சொல்ல வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: ஒலிக் கோளாறு

இதை விரைவாகச் சரிசெய்துவிடலாம். "சத்தம் குறைவு", "விளம்பரம் வந்தால் காது கிழிகிறது" என்ற இரண்டும்தான் அதிகம் வரும். ஆப்பிள் பரிந்துரைக்கும் ஒலி அளவு ஏறத்தாழ மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு), ஒரு அலகு கூடக்குறைய இருக்கலாம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. உங்கள் எடிட்டிங் மென்பொருளிலேயே இதை அளக்கலாம். கேட்கும் நேரத்தில் தானாகச் செருகப்படும் விளம்பரங்கள் உங்கள் கலவைக்குள் வருவதில்லை என்பதால், அவற்றின் அளவை ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். வெளியான எபிசோடை விளம்பரத்தோடு சேர்த்து, சாதாரண இயர்போனில், சத்தமான இடத்தில் நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோ ஹெட்போனில் கேட்காத குறைகள் எல்லாம் அங்கே கேட்கும்.

படி 6: "வேகமாகப் பேசுகிறீர்கள்", "புரியவில்லை"

நேயர் வலியைச் சரியாகச் சொல்வார், மருந்தைத் தவறாகச் சொல்வார். இந்தப் படி முழுவதும் அதைப் பற்றித்தான்.

"வேகமாகப் பேசுகிறீர்கள்" என்ற புகார் வந்ததும் தொகுப்பாளரை மெதுவாகப் பேசச் சொல்வது வழக்கம். அடுத்த வாரம் "இழுக்கிறீர்கள்" என்று வேறொருவர் எழுதுவார். முதலில் அந்த நிமிடத்தைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு வேகத்தில் குறை இருக்காது. இடைவெளி இல்லாததுதான் குறையாக இருக்கும். எடிட்டிங்கில் மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதியைப் போட்டிருப்பார்கள். ஒரு செய்தி முடிந்து அடுத்த செய்தி தொடங்கும் இடத்தில் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. சில ஆப்களிலும் மௌனத்தைச் சுருக்கும் வசதி உண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எழுதிய நேயரிடம் எந்த ஆப்பில், எந்த வேகத்தில் கேட்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. செய்திக்குச் செய்தி ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விட்டு, பெயரும் எண்ணும் வரும் இடத்தில் சற்றே நிறுத்திப் பாருங்கள். சராசரி வேகம் மாறாமலேயே புகார் குறையக் காண்பீர்கள்.

இடைவெளியும் சரியாக இருந்தால் வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அச்சில் படிப்பவர் கண்ணை மேலே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்வார், காதால் கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாதிரிக்கு ஒரு வாக்கியம்:

"மூன்று ஆண்டுகளாக நிலுவையில் இருந்த, 1,840 ஊழியர்களின் ஓய்வூதியம் தொடர்பான கோரிக்கையைப் பரிசீலிக்க அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கையை நிராகரிப்பதாக அமைச்சர் நேற்று தெரிவித்தார்."

அமைச்சர் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் நேயர் ஆறு விஷயங்களைத் தலையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். இதையே இப்படிச் சொல்லலாம்:

"ஓய்வூதியக் குழுவின் அறிக்கையை அமைச்சர் நேற்று நிராகரித்துவிட்டார். சுமார் 1,800 ஊழியர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்க அமைத்த குழு இது. அந்தக் கோரிக்கை மூன்று ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது."

நடந்தது முதலில், பின்னணி பிறகு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல். எண்ணைத் தோராயமாக்கியதையும் கவனியுங்கள். துல்லியமான எண் செய்திக்கு உயிர்நாடியாக இருந்தால் மட்டும் அப்படியே சொல்லுங்கள், மற்றபடி ஷோ நோட்ஸில் வைக்கலாம். புரியவில்லை என்று புகார் வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி இரண்டு வடிவிலும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். புதிதாகச் சேரும் ஸ்கிரிப்ட் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

படி 7: "நீங்கள் ஒருதலைப்பட்சம்"

இந்தப் புகார் வந்ததும் இரண்டு தற்காப்புகள் வாயில் வந்து நிற்கும். ஒன்று, "இவர் அந்தக் கட்சிக்காரர்". இன்னொன்று, "இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள், ஆகவே நாம் நடுவில் இருக்கிறோம்". இரண்டையும் விட்டுவிடுங்கள். கட்சிக்காரர் சொல்லும் குறை உண்மையாக இருக்கலாம். இரண்டு பக்கமும் திட்டுவது, இரண்டு பக்கமும் தவறு செய்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

உணர்வை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். கடந்த ஒரு மாத எபிசோடுகளில் அந்த விவகாரம் வந்த இடங்களை எல்லாம் எடுங்கள். யாருடைய குரல் எத்தனை நொடி ஒலித்தது, யார் கருத்து முதலில் வந்தது, யாருக்குக் கடைசிச் சொல் கிடைத்தது, யாரை மறுப்பு சொல்ல அழைத்தோம் என்று பட்டியலிடுங்கள். பிறகு வினைச்சொற்களைப் பாருங்கள். ஒரு தரப்பு எப்போதும் "விளக்கமளித்தார்", இன்னொரு தரப்பு எப்போதும் "ஒப்புக்கொண்டார்", "சமாளித்தார்", "சாடினார்" என்று வந்திருந்தால் நேயரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. "ஒப்புக்கொண்டார்" என்ற ஒரு சொல்லே குற்றம் நடந்ததாகத் தீர்ப்பு எழுதிவிடும். "சொன்னார்", "கூறினார்", "தெரிவித்தார்" மூன்றையும் வைத்துக்கொண்டே பெரும்பாலான செய்திகளைச் சொல்லிவிட முடியும். சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

எண்ணிப் பார்த்த பிறகு சாய்வு இல்லை என்று தெரிந்தால் அதையும் நேயரிடம் எண்ணிக்கையோடு சொல்லலாம். எந்தச் செய்தியை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆழமான சாய்வு ஒளிந்திருக்கும். வெளியான எபிசோடுகளை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது. ஆகவே கூட்டத்தில் பேசிக் கைவிட்ட செய்திகளுக்கும், ஏன் கைவிட்டோம் என்ற காரணத்துக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்களும் நிகழ்ச்சிகளும் உண்டு. பிபிசி ரேடியோ 4இல் நேயர் விமர்சனங்களை எடுத்துப் பேசும் 'ஃபீட்பேக்' 1979 முதல் ஒலிபரப்பாகிறது. என்பிஆர் 2000இல் நேயர்களுக்காகக் கேள்வி கேட்கும் தனிப் பொறுப்பாளரை நியமித்தது. சிறிய குழுவில் அது முடியாது. ஆனால் அந்த வாரச் செய்தித் தேர்வில் பங்கெடுக்காத ஒருவர் கையில் இந்தத் தணிக்கையைக் கொடுக்க முடியும்.

படி 8: எழுதாதவர்களைத் தேடுவது

எண்களைப் பார்க்காமல் கருத்துகளை மட்டும் படித்தால் ஏமாறுவோம், எண்களை மட்டும் பார்த்தாலும் அப்படியே. டவுன்லோட் என்பது கேட்டதற்கு அத்தாட்சி இல்லை. இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐஏபி வகுத்த அளவீட்டு நெறிப்படி, ஒரு நிமிட ஒலிக்குரிய கோப்பு இறங்கினாலே ஒரு டவுன்லோட். 2023இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் தன் தானியங்கி டவுன்லோட் முறையை மாற்றியது. கேட்பதை நிறுத்தியிருந்தவர் திரும்பி வந்ததும், விட்டுப்போன பழைய எபிசோடுகள் எல்லாம் மொத்தமாக இறங்கும் வழக்கம் நின்றது. தினமும் எபிசோட் வெளியிடும் நிகழ்ச்சிகளுக்குத்தான் இதில் அடி அதிகம். எண்ணிக்கை சரிந்தது, ஆனால் நேயர்கள் போகவில்லை. அந்த நேரத்தில் உள்ளடக்கத்தை மாற்றப் புறப்பட்டிருந்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததாகியிருக்கும்.

ஆப்பிளின் படைப்பாளர் பக்கத்தில், ஓர் எபிசோடை 20 நிமிடமோ 40 சதவீதமோ கேட்டவர்களைத் தனிக் கணக்காகக் காட்டுவார்கள். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற வரைகோடும் இருக்கும். உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் உள்ள நிமிடப் பத்தியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நாலாவது நிமிடம் குழப்பமாக இருக்கிறது என்று ஒருவர்தான் எழுதியிருப்பார். வரைகோடும் அங்கேயே சரிந்தால், அந்த ஒருவருக்குப் பின்னால் கூட்டம் நிற்கிறது. புகார் வந்த இடத்தில் கோடு அசையாமல் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

கணக்கெடுப்பு நடத்துவதானால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். விருப்பப்பட்டு நிரப்புகிறவர்கள் உங்கள் தீவிர நேயர்கள். அவர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள் என்பதை எல்லா நேயர்களின் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. பதில்கள் எத்தனை குவிந்தாலும் இந்தக் குறை தீராது. அதைவிடப் பயனுள்ளது, நேயர்கள் ஏழெட்டுப் பேரோடு தொலைபேசியில் இருபது நிமிடம் பேசுவது. நிறுத்திவிட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது அதில் இருக்கட்டும். ஏற்கெனவே கேட்பவரிடம், "நீங்கள் சொல்லிக் கேட்கத் தொடங்கி, பிறகு விட்டுவிட்ட நண்பர் யாராவது உண்டா?" என்று கேட்டால் கிடைப்பார்கள். அவர்களிடம் "நிகழ்ச்சி எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். "கடைசியாக எப்போது கேட்டீர்கள்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள்.

படி 9: பதில் எழுதுவது, தொகுப்பாளரைக் காப்பது

தகவல் பிழை சுட்டியவருக்கு அன்றே பதில். மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்குள். மூன்று வரி போதும்: அவர் சொன்னதை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம், என்ன பார்த்தோம், என்ன செய்யப் போகிறோம். செய்யப் போவதில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். "உங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்" என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். வாதம் செய்கிறவருக்கு இரண்டாவது பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குரல், உச்சரிப்பு பற்றி வரும் கருத்துகளைத் தனியாகக் கையாள வேண்டும். "குறிப்பிட்ட ஊரின் பெயரைத் தவறாக உச்சரித்தீர்கள்" என்பது தகவல் பிழை, திருத்துங்கள். "அந்தப் பெண்ணின் குரலைச் சகிக்க முடியவில்லை" என்பது வேறு ரகம். அமெரிக்க வானொலி நிகழ்ச்சியான 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 2015 ஜனவரியில் இதைப் பற்றியே பேசியது. தங்கள் இளம் பெண் செய்தியாளர்களின் குரலில் உள்ள கரகரப்பைக் கண்டித்து நேயர்கள் கடுமையாக எழுதுவதையும், தொகுப்பாளர் ஈரா கிளாஸும் அதே கரகரப்போடுதான் பேசுகிறார் என்பதையும் அந்த எபிசோடிலேயே எடுத்துக்காட்டினார்கள். ஆணின் குரலில் கேட்காத குறை பெண்ணின் குரலில் கேட்கிறது என்றால், அதைத் தொகுப்பாளர் மேல் சுமத்துவது அநியாயம். அதனால்தான் வரும் கருத்துகளை முதலில் தொகுப்பாளர் படிக்கக் கூடாது என்கிறேன். வேறொருவர் பிரித்து, வேலைக்கு ஆகும் கருத்துகளை மட்டும் கொடுக்கட்டும். மிரட்டல் வந்தால் நீக்கிவிடாதீர்கள். தேதியோடு சேமித்து, நிறுவனப் பொறுப்பாளரிடமும் தேவைப்பட்டால் காவல்துறையிடமும் கொண்டுபோங்கள்.

படி 10: மாற்றம் செய்வதும் அதை அறிவிப்பதும்

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், குழுவாக உட்கார்ந்து ஸ்ப்ரெட்ஷீட்டைப் படியுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். இசை, நீளம், செய்தி வரிசை மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எதனால் என்ன ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. நேயர்கள் அதிகம் கேட்கும் நாட்களில் தொடங்காதீர்கள், பெரிய செய்தி வெடித்திருக்கும் வாரத்திலும் வேண்டாம்.

மாற்றிய முதல் சில நாட்கள் எதிர்ப்பு வரும். பழகிய காதுக்குப் புதியது எதுவும் முதலில் உறுத்தும், நல்ல மாற்றமாக இருந்தாலும். ஆகவே நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும் கருத்துகளுக்குத்தான் எடை அதிகம். ஒலிக் கோளாறோ தகவல் பிழையோ புதிதாக முளைத்தால் மட்டும் காத்திருக்காமல் பின்வாங்குங்கள்.

மாற்றத்தை நிகழ்ச்சியிலேயே சொல்லுங்கள்: "செய்திகளுக்கு இடையே மூச்சுவிட நேரமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்று முதல் இடைவெளி கூட்டியிருக்கிறோம்." இருபது நொடிகூட ஆகாது. ஆனால் அதன் பிறகு வரும் கருத்துகளின் தரம் உயரும், ஏனென்றால் எழுதினால் நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. இந்தக் கோரிக்கையை முதலில் எழுதியவருக்கு எபிசோடின் இணைப்போடு தனியாக ஒரு வரி அனுப்புங்கள்.

பலர் கேட்டும் நீங்கள் செய்ய விரும்பாததை ஒளிக்காதீர்கள். குற்றச் செய்திகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைச் சொல்லச் சொல்வார்கள். உறுதியாகாத செய்தியை மற்றவர்களைப் போல முந்திச் சொல்லச் சொல்வார்கள். எத்தனை பேர் கேட்டாலும் பதில் முடியாது என்பதுதான். அதையும் காரணத்தோடு நிகழ்ச்சியில் ஒருமுறை சொல்லி, ஷோ நோட்ஸில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். அடுத்த முறை கேட்பவருக்கு அந்த இணைப்பை அனுப்பினால் போதும்.